ஆயத்தமாயிருக்கிறேன் என்று சொன்னவள்

ஜூன் 3, செவ்வாய்

இந்த வார உபவாச ஜெபம் சுகிர்தம் அக்கா வீட்டில். உபவாசம் என்றுதான் பேர். பன்னிரண்டு மணி ஆகும்போது உள்ளே சாம்பார் தாளிக்கிற வாசனை வந்துவிடும், கடைசி ஆமென் கொஞ்சம் வேகமாகவே விழும்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆளுக்கொரு மிஷனெரி குடும்பத்தைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், தினமும் ஜெபிப்பதற்கு. எனக்கு வந்தது ஒடிசா மலையில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்கு விடுதி நடத்துகிற கிதியோனும் பியூலாவும். இரண்டு பேரும் நம் பக்கத்துப் பிள்ளைகள். நான்கு வருடமாக அவர்கள் படம் என் பீரோக் கதவில் இருக்கிறது. நேரில் பார்த்ததில்லை. பார்க்காமல் ஜெபிப்பதில் ஒரு சௌகரியம் இருக்கத்தான் செய்கிறது.

இன்று அவர்களிடமிருந்து செய்தி வந்திருந்தது. பியூலாவுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. அதனால் படுத்தே இருக்க வேண்டும், பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். துணைக்கு வருவதாக இருந்த அவள் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறார்கள். பிரசவம் வரைக்கும் கூட இருக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும்.

ஜெபிக்கச் சொல்லி என்னைத்தான் கை காட்டினார்கள். நான் ஜெபித்தால் நன்றாயிருக்கும் என்று ஒரு பெயர் உண்டு. நானும் உருக்கமாகத்தான் ஜெபித்தேன். ஒருவரை எழுப்பும் ஆண்டவரே, ஒருவரை அனுப்பும் ஆண்டவரே என்று மூச்சு விடாமல் கேட்டுவிட்டு, வழக்கமாக எல்லோரும் முடிக்கிற மாதிரி, "நானும் ஆயத்தமாயிருக்கிறேன் ஆண்டவரே" என்று முடித்தேன். இருபது வருடமாக அப்படித்தான் முடிக்கிறேன். யாரும் பெட்டி கட்டியதில்லை.

கண்ணைத் திறந்தால் சுகிர்தம் அக்கா அழுதுகொண்டிருக்கிறார்கள். "ரத்னபாய்க்கு அழைப்பு வந்துட்டு" என்றார்கள். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கும் முன்பே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

ஜூன் 4, புதன்

இவர்களிடம் சொன்னேன். இவர்கள் என்றால் என் வீட்டுக்காரர், ஞானமுத்து. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மதுரைக்கு அந்தப்பக்கம் தனியாகப் போகாதவள் ஒடிசாவுக்கா என்று கேட்டுவிட்டு மறுபடியும் சிரித்தார்கள்.

அப்புறம் நல்லபடியாகச் சொன்னார்கள், பேச்சுக்குச் சொன்னேன் என்று அக்காவிடம் சொல்லிவிடு, யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்று. அக்காவிடம் சொல்லிவிடலாம். ஜெபத்தை நான் அக்காவிடமா சொன்னேன்? பேச்சுக்குச் சொன்னேன் என்று ஆண்டவரிடம் எப்படிச் சொல்வது?

மாவு அரைத்தேன். உளுந்து பழசு, பொங்கவே இல்லை.

ஜூன் 6, வெள்ளி

சாயங்காலம் சுகிர்தம் அக்கா வந்தார்கள். செவ்வாய்க்கிழமை இருந்த வேகம் இல்லை. சங்கத்தில் இரண்டு மூன்று பேர் வந்து பேசினார்களாம். "பிள்ளைத்தாச்சி இருக்க வீடு பாரு. அதும் ரெண்டு தடவை கலைஞ்ச பிள்ள. அதான், யோசிச்சு..." என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திவிட்டார்கள். நான் முறுக்குக் கொடுத்தேன். இந்தத் தடவை முறுக்கு நன்றாக வந்திருக்கிறது.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகுதான் போவது என்று முடிவு செய்தேன்.

ஜூன் 7, சனி

பியூலாவின் அம்மா போன் பண்ணினார்கள், படுக்கையிலிருந்தே. பாவம், குரலில் தெம்பே இல்லை. மகளுக்கு எது பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று நெடுநேரம் சொன்னார்கள். நான் தையல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனது, வீட்டுக்காரருக்கு முட்டி தேய்ந்து மலை ஏற முடியாதது எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "டீச்சருக்கு எத்தனை பிள்ளைய?" என்றார்கள்.

இல்லை என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, இருந்தார்கள். "சரி டீச்சர். கர்த்தர் சித்தம்" என்று வைத்துவிட்டார்கள்.

ஊறுகாய் இரண்டு வகை போட வேண்டும். கருப்பட்டி வாங்க வேண்டும். சாகும் வயதில் ஸ்வெட்டர் ஒன்று.

ஜூன் 12, வியாழன்

இவர்கள் சென்னை வரை வந்து ஏற்றிவிட்டார்கள். ரயில் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு கூடவே வந்தார்கள், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. "ஏட்டி, பிடிக்கலன்னா வந்திரு. சபைல கேட்டா நான் பேசிக்கிடுதேன்" என்றார்கள். கல்யாணமான இத்தனை வருடத்தில் இந்த மனுஷனை எனக்குக் கொடுத்ததற்காக நான் ஆண்டவருக்கு ஒழுங்காக நன்றி சொன்னதில்லை. ரயிலில் உட்கார்ந்து சொன்னேன்.

ஜூன் 13, வெள்ளி

கோதாவரியைப் பார்த்தேன்.

பாலத்தில் ஏறியதும் பெட்டியில் பேச்சு நின்றது. கடல் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள்தான் நான், தண்ணீர் எனக்குப் புதிதில்லை. ஆனால் கடல் அங்கேயே இருப்பது. இது எங்கோ போய்க்கொண்டிருந்தது, அவ்வளவு தண்ணீரும் ஒன்றாக, சத்தமே இல்லாமல். பாலம் முடியும் வரை எனக்குக் கை கூப்பத் தோன்றியது, கூப்பினேன். எதிரில் இருந்த தெலுங்குக்கார அம்மாவும் கும்பிட்டார்கள். ஆளுக்கொரு காரணம்.

பீரோக் கதவைப் பார்த்துக்கொண்டு நான் ஜெபித்த ஆண்டவர் இவ்வளவு பெரியவர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

வந்து சேர்ந்தாயிற்று. விஜயநகரம் ஸ்டேஷனில் கிதியோன் காத்திருந்தான். பீரோக் கதவில் இருப்பதைவிட மெலிந்து, தாடியோடு. அங்கிருந்து பஸ், பிறகு ஜீப், பிறகு ஒரு ஆறு. முழங்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மழை வலுத்தால் இந்த ஆற்றைக் கடக்க முடியாது, அதனால் ஆகஸ்ட் பிறந்ததும் பியூலாவைத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் ஆஸ்பத்திரி பக்கத்தில் வீடு பிடித்து வைத்துவிடுவோம் என்று கிதியோன் சொன்னான். நல்ல ஏற்பாடு.

பியூலா கட்டிலில் படுத்துக்கிடந்தாள். எழப் பார்த்தாள், நான் அதட்டினேன். சின்னப்பெண். படத்தில் பெரியவளாகத் தெரிந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, தினமும் காலையில் ஆறு மணிக்கு நீங்கள்தானே எங்களுக்காக ஜெபிப்பீர்கள், அந்த நேரம் வந்தால் நான் நினைத்துக்கொள்வேன் டீச்சர் என்றாள். ஆறு மணி என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்தது உண்மைதான். பல நாள் பால் வாங்கப் போயிருப்பேன். அவளிடம் சொல்லவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் விடுதிப் பிள்ளைகள் பாடினார்கள். அவர்கள் பாஷை, அவர்கள் ராகம், ஒரு வார்த்தை புரியவில்லை. மூன்று பக்கமும் மலை, மேலே அத்தனை நட்சத்திரம். நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் கோவிலில் ஆர்கன் வாங்கியபோதுகூட எனக்கு இப்படி ஆகவில்லை.

ஜூன் 21, சனி

வேலை சரியாக இருக்கிறது. சமையலுக்குச் சுக்ரி என்று ஒரு பெண், உள்ளூர்க்காரி, நல்ல உடம்புக்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. இரண்டு பேரும் அவரவர் பாஷையில் சண்டை போட்டுக்கொள்கிறோம், சமையல் நன்றாக நடக்கிறது. தண்ணீருக்குப் பாணி, சோற்றுக்குப் பாத் என்று பிள்ளைகள் ஒடியா சொல்லிக் கொடுக்கிறார்கள். என்னை மௌசி என்கிறார்கள். சித்தி என்று அர்த்தமாம்.

கிழிந்த சட்டைகள் மலையாகக் கிடக்கின்றன. தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஊரில் இந்நேரம் உபவாச ஜெபம். சாம்பார்.

ஜூலை 5, சனி

பியூலாவுக்கு ரவிக்கை எல்லாம் இறுக்கமாகிவிட்டது, தளர்த்தியாக இரண்டு தைக்க வேண்டும். அளவெடுக்க டேப்பைச் சுக்ரியிடம் கொடுத்தேன். தப்புத்தப்பாக எடுத்தாள். மறுபடி எடுக்கச் சொன்னேன். பியூலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கஞ்சி கொடுக்கும்போது கேட்டுவிட்டாள். "டீச்சர், எனக்கு எல்லாம் செய்யுதீங்க. தலைகூட வாரி விடுதீங்க. வயித்துப் பக்கம் மட்டும் வரவே மாட்டேங்கீங்களே, ஏன்?"

எனக்குக் குனிந்தால் முதுகு வலிக்கும் என்றேன். அது உண்மைதான்.

நம் ஊரில் வளைகாப்பு என்றால் வளையல் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். பிறந்த பிள்ளையைப் பார்க்கவும் உடனே போவதில்லை, பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகட்டும் என்று இருந்துவிடுவேன். வேலை இருக்கும். யாரும் வரவேண்டாம் என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. கையில் ராசி, அதிர்ஷ்டம் என்கிற பேச்சையெல்லாம் கிறிஸ்தவர்கள் நம்பக்கூடாது, நானும் நம்புகிறதில்லை. ஆனாலும் இரண்டு தடவை இழந்த பிள்ளை. எதற்கு வம்பு.

ரவிக்கை கைப்பக்கம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

ஜூலை 12, சனி

மூன்றாவது நாளாக மழை. நம் ஊர் மழை பெய்தால் தரை குடித்துவிடும், அரைமணியில் செம்மண் காய்ந்துவிடும். இங்கே மலையே மழையாக இறங்குகிறது. இடி விழும்போது பாத்திரங்கள் அதிர்கின்றன. பிள்ளைகள் பயப்படவில்லை, நான்தான் பயந்தேன். பயத்தோடு பயமாக வாசலில் நின்று பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. எதிர் மலையில் நேற்று இல்லாத அருவிகள், வெள்ளை வெள்ளையாக, எண்ண முடியாமல். ஆண்டவரே, உமக்கு இவ்வளவு கை வீச்சா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

விடுதிப் பெண் பிள்ளை ஒருத்திக்கு மலேரியா, காய்ச்சல் இறங்கவில்லை. காலையில் மழை விட்டிருந்த நேரம் பார்த்துக் கிதியோன் அவளை முதுகில் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனான். தண்ணீர் அவன் இடுப்புக்கு இருந்தது. நாளைக்கே வந்துவிடுவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். போகும்போது பியூலா சிரித்துக்கொண்டே கை காட்டினாள். அவன் கண்ணுக்கு மறைந்த பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பயமில்லையா என்று கேட்டேன். "பயம் இல்லாம என்ன டீச்சர். பயந்துக்கிட்டேதான் எல்லாம் செய்யுதோம். பயம் போனப்புறம் செய்யலாம்னு இருந்தா இங்க வந்தே இருக்கமாட்டோம்" என்றாள்.

மத்தியானத்துக்கு மேல் மறுபடி மழை.

ஜூலை 16, புதன்

ஆறு இரண்டு கரையும் தெரியாமல் போகிறது. கிதியோன் வரமுடியாது. போனுக்கு டவரும் இல்லை.

ஜூலை 17, வியாழன்

விடிந்ததிலிருந்து பியூலாவுக்கு வலி. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஆண்டவரே.

ஜூலை 18, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

காலையில் அது சூட்டுவலி, பிரசவ வலி இல்லை என்று நினைத்தேன். சுக்ரி வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். பிறகு பியூலாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது.

செய்தி பரவி ஊர் ஆண்கள் கயிற்றுக் கட்டிலோடு வந்துவிட்டார்கள். கட்டிலில் கிடத்தி, மேலே கயிறு கட்டி, எட்டுப் பேர் தோளில் ஆற்றைக் கடக்கலாம் என்பது அவர்கள் யோசனை. அவர்களில் ஒருவருக்கு இந்தி தெரியும், விடுதிப் பெரிய பிள்ளைக்கும் இந்தி தெரியும், எனக்குக் கொஞ்சம் தெரியும். எல்லாம் சுற்றி வந்து கடைசியில் என் முன்னால் நின்றது. சரியா வேண்டாமா, மௌசி சொல்லட்டும் என்றார்கள். நான் வயதில் மூத்தவள். மிஷன் வீட்டின் பெரிய மனுஷி. அவர்களுக்கு என்ன தெரியும்.

குடை பிடித்துக்கொண்டு போய் ஆற்றைப் பார்த்தேன். கோதாவரியைப் போல இல்லை. இது கத்தியது. ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போயிற்று, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

ஆற்றில் இறக்கினால் மூன்று உயிர், நான்கு உயிர் எத்தனை போகும் என்று தெரியாது. இறக்காவிட்டால் இங்கே நான் இருக்கிறேன். பிரசவ அறைப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். அங்கே நின்று ஜெபிக்கப் பார்த்தேன். சங்கத்தில் எழுந்து நின்றால் அருவியாகக் கொட்டுகிறவளுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. வாயில் மழைத் தண்ணீர்தான் போனது. வந்தது ஒன்றே ஒன்று, அதுவும் பழைய வழக்கத்தில். "நானும் ஆயத்தமாயிருக்கிறேன் ஆண்டவரே." இந்தத் தடவை அது பேச்சுக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆயத்தமாகவும் இல்லை. பொய்யும் இல்லை.

கட்டிலைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். இங்கேயே பார்த்துக்கொள்வோம் என்றேன்.

உள்ளே போனதும் சுக்ரியைக் கூப்பிட்டு, நீ பிள்ளையை வாங்கு, நான் பின்னால் உட்கார்ந்து பியூலாவைத் தாங்குகிறேன் என்று சைகை காட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தன் அகலமான தோளைத் தட்டிக் காட்டினாள், என் தோளைக் காட்டிக் கையை விரித்தாள். பியூலா வலியில் முறுக்கும்போது என்னால் தாங்க முடியாது என்கிறாள். முயற்சி பண்ணினேன், முதல் வலியிலேயே சுவரில் போய் மோதினேன். சுக்ரி என் இடத்தில் உட்கார்ந்து பியூலாவை மார்போடு சாய்த்துக்கொண்டாள். மீதி இருந்தது ஒரே இடம்.

அக்கரை ஆஸ்பத்திரி நர்ஸ் முன்பு வந்தபோதே ஒரு டப்பாவில் எல்லாம் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிளேடு, நூல், துணி. கொதிக்க வைத்தேன். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடி கழுவினேன். மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தபோது பியூலா கூப்பிட்டாள்.

"டீச்சர், கையக் கழுவுனது போதும். வாங்க."

நான் அப்போதுதான் சொன்னேன், இத்தனை வயதில் யாரிடமும் சொல்லாததை. "பியூலா, என் கை வேண்டாம்மா. ரெண்டு பிள்ளைய இழந்தவ நீ. எனக்கு ஒண்ணுகூடத் தங்கல. ஊர்ல என்னை யாரும் கூப்பிடமாட்டாங்க."

அவளுக்கு அடுத்த வலி வந்துவிட்டது. அது போனபிறகு, வேர்த்து ஒழுகுகிற முகத்தோடு சொன்னாள். "நான் ஆண்டவர்கிட்ட ஒரு கைய அனுப்பும்னு கேட்டேன். அவர் ஒங்கள அனுப்புனாரு. எனக்கு வேற கை தெரியாது டீச்சர்."

போய் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்கு வார்த்தை போதாது. தலை தெரிந்தது. ஈரமான கறுத்த முடி. உலகத்தில் இதற்கு முன் இல்லாத ஒரு ஆள், என் உள்ளங்கைக்கு வந்து முட்டியது. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன் சிருஷ்டிப்பைப் பற்றி. ஒருவரும் இதைச் சொல்லவில்லை, அது வெதுவெதுப்பாக இருக்கும் என்று.

கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. சுக்ரி பின்னாலிருந்து கத்தினாள், விரலால் வளையம் போட்டுத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். விரலை நுழைத்து நெகிழ்த்தினேன், சிக்கல் விழுந்த நூலை இழுக்காமல் எடுக்கிற மாதிரி. இழுக்கவே இல்லை. தலைக்கு மேல் வழியாக வந்துவிட்டது. அடுத்த வலியில் பிள்ளை முழுவதுமாக என் மடியில்.

பெண். நீலம் பாரித்திருந்தது. அழவில்லை.

அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பியூலா, "டீச்சர், ஏன் சத்தம் இல்ல? ஏன் சத்தம் இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வாயைத் துடைத்தேன், மூக்கைத் துடைத்தேன். குப்புற வைத்து முதுகைத் துணியால் தேய்த்தேன். என் கைதான், என் கைதான் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. கையை எடுத்துவிடலாம் போல இருந்தது. எடுக்கவில்லை. என் கைதான் இங்கே இருக்கிறது ஆண்டவரே, இதைத்தான் நீர் அனுப்பினீர், இதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சண்டை போட்டேன். ஜெபம் இல்லை, சண்டைதான். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பிறகு நிஜமான சத்தம். நீலம் போய் நெஞ்சிலிருந்து கால்வரை சிவப்பு ஏறியதை நான் பார்த்தேன். விடியற்காலை வானம் சிவப்பதைப் பார்த்திருக்கிறேன், அது தூரத்தில். இது என் கையில்.

கொடியில் முடிச்சுப் போட்டேன், இரண்டு இடத்தில். நன்றாகவே போட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு முடிச்சுச் சொல்லிக் கொடுத்தவள். சுக்ரி சிரித்துக்கொண்டே அழுதாள். நஞ்சுக்கொடியும் ஒழுங்காக விழுந்தது. பிள்ளையைத் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்திவிட்டு, நான் பின்கட்டுக்குப் போய் மழையில் உட்கார்ந்துவிட்டேன். விடுதிப் பிள்ளைகள் வந்து, மௌசி, உள்ளே வாருங்கள் என்று இழுக்கும் வரை.

ஆயத்தம் என்றால் எல்லாம் தெரிந்து, எல்லாம் இருந்து நிற்பது என்று நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லாமல் போய் நின்றேன். அங்கே எனக்கு முன்னாடியே ஆண்டவர் இருந்தார். பயமாக இருக்கிறது இதை எழுத. ஆனால் இருந்தார்.

ஜூலை 19, சனி

பிள்ளை சின்னதாக இருக்கிறது, ஆனால் பால் குடிக்கிறது. தாய்க்குக் காய்ச்சல் இல்லை. மழை குறைந்திருக்கிறது.

காலையில் பியூலா சர்க்கரைத் தண்ணீர் ஒரு கரண்டியில் கலக்கி வரச் சொன்னாள். எதற்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நம் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் சேனை வைப்பார்கள், நாக்கில் முதல் இனிப்பு. வைக்கிறவருடைய குணமும் வாழ்வும் பிள்ளைக்கு வரும் என்று பேச்சு. அதனால் யாரைக் கூப்பிடுவது என்று வீட்டில் பெரிய ஆலோசனை நடக்கும். நிறையப் பெற்று, நிறைவாக வாழ்ந்தவர்களாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். கலக்கிக் கொண்டுபோய், சுக்ரிக்கு ஐந்து பிள்ளைகள், அவளை வைக்கச் சொல்வோம் என்றேன்.

"டீச்சர், நர்ஸ் அக்கா வந்தா இதெல்லாம் கூடாதுன்னு ஏசுவாங்க. அதுக்கு முன்னால வைங்க" என்று பிள்ளையை என் பக்கம் நீட்டினாள்.

நான் மறுத்துப் பார்க்கவில்லை. சுண்டுவிரலை நனைத்து, உதறிவிட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவு ஒரு ஈரம் நாக்கில் வைத்தேன். பிள்ளை விரலைப் பிடித்துச் சப்பியது. எவ்வளவு பலம்.

ஜூலை 20, ஞாயிறு

கிதியோன் வந்துவிட்டான், கழுத்தளவு தண்ணீரில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. நர்ஸும் நாளைக்கு வருகிறார்கள். மலேரியாப் பிள்ளை பிழைத்துவிட்டது. அவனிடம் பச்சைப்பிள்ளையைக் கொடுத்ததும் நின்ற இடத்திலேயே முழங்கால் போட்டுவிட்டான். ஈரத்தோடு.

இன்று ஆராதனையில் யாரும் பிரசங்கிக்கவில்லை. பாடினோம். எனக்கு இப்போது இரண்டு பாட்டு தெரியும்.

ஜூலை 21, திங்கள்

மத்தியானம் டவர் வந்தது. முதலில் இவர்களுக்குப் பேசினேன். சொல்லி முடித்ததும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறீர்களா என்று கேட்டதற்கு ஜலதோஷம் என்றார்கள்.

பிறகு பியூலா அவள் அம்மாவுக்குப் போட்டாள். நான் பிள்ளைத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். வேண்டுமென்று கேட்கவில்லை, வீடு சின்னது. பிள்ளை எப்படி இருக்கிறது, யார் சாயல், எவ்வளவு நேரம் வலி என்று எல்லாம் கேட்டு முடித்து அந்தக் கேள்விக்கு வந்தார்கள் என்பது பியூலாவின் பதிலில் தெரிந்தது.

"ரத்னபாய் டீச்சர்தாம்மா. பிள்ளைய எடுத்ததும் அவுகதான். சேனை வச்சதும் அவுகதான்."

பேச்சு நின்றது. ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஜூன் மாதம் கேட்ட அதே நிசப்தம்தான், எனக்கு அதை நன்றாகத் தெரியும். வாழ்நாள் பூராவும் தெரியும்.

பியூலா வெளியே எட்டிப் பார்த்து, அம்மா உங்களிடம் பேச வேண்டுமாம் என்று போனை நீட்டினாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கினேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது. படுக்கையில் கிடக்கிறவர்கள்.

"டீச்சர்" என்றார்கள். பிறகு, "எம் பேத்தி ஒங்களப் போல வரட்டும் டீச்சர். ஒங்களப் போலவே வரட்டும்."

ஒரு தாய் தன் பிள்ளையின் பிள்ளை என்னைப் போல வரட்டும் என்று சொல்ல, நான் என் காதால் கேட்டேன். கேட்டது நான்தான், என்று இன்றைய தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.